பொற்கொம்பு விரிகுடாவின் ஒளிப்படங்கள்

பயணிகள் எடுத்த ஒளிப்படங்களை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தியதில்லை. அரசாணை, மக்கள்தொகைக் கணக்கு, கப்பல் பதிவேடு ஆகியவற்றுக்குக் கிடைத்த மரியாதை அவற்றுக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பயணிக்கு ஊர் தெரியாது, மொழி தெரியாது. கண்ணில் பட்ட விநோதத்தைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவார். ஆனால் எந்த ஊரின் கடந்தகாலத்தை அந்த ஊரின் அதிகாரமே அழித்துவிட்டதோ, அங்கே இந்த அறியாமையே பெரிய உதவியாக மாறிவிடுகிறது. எதை மறைக்க வேண்டும் என்று அறியாதவர் எல்லாவற்றையும் பதிவுசெய்துவிடுகிறார். ருஷ்யாவின் கிழக்கு விளிம்பில் இருக்கும் விளாதிவஸ்தோக் நகரின் ஒளிப்பட வரலாறு இதற்கு நல்ல உதாரணம்.

மாஸ்கோவிலிருந்து ரயிலில் 9,288 கிலோமீட்டர். நேரக்கணக்கில் ஏழு மணி வேறுபாடு. மாஸ்கோ பகலுணவுக்கு அமரும்போது இங்கே இருட்டிவிட்டிருக்கும். ஏறத்தாழ தென் பிரான்ஸின் அட்சரேகையில் அமைந்திருந்தாலும் குளிர்காலத்தில் கடல் உறையும். கோடையின் தொடக்கத்தில் மூடுபனி நகரைப் பல நாட்கள் விழுங்கிக்கொள்ளும். குன்றுகள் கடலுக்குள் இறங்கும் ஒரு தீபகற்பத்தின் முனையில், நீண்டு வளைந்த விரிகுடாவைச் சுற்றி நகரம் ஏறி இறங்குகிறது. இஸ்தான்புலின் விரிகுடாவை நினைவில் வைத்து இதற்கும் பொற்கொம்பு என்று பெயரிட்டார்கள். அருகிலுள்ள நீரிணைக்குக் கிழக்கு பாஸ்பரஸ் என்று பெயர். நகரின் பெயருக்குக் ‘கிழக்கை ஆள்க’ என்று பொருள். 1860 ஜூலை 2 அன்று ‘மஞ்சூர்’ என்ற கப்பலிலிருந்து ஒரு சிறு படைப்பிரிவு இங்கே இறங்கியபோது வைக்கப்பட்ட பெயர் அது. அதற்கு முன்பே இந்த இடத்துக்குச் சீன மொழியில் ஒரு பெயர் இருந்தது: ஹைஷென்வை, கடலட்டை விரிகுடா. ஒரு பெயர் ஆட்சியைச் சொல்கிறது, மற்றது அங்கே மக்கள் என்ன பிடித்துப் பிழைத்தார்கள் என்பதைச் சொல்கிறது. இந்த இரு பெயர்களுக்கும் இடையிலான இழுபறியை நகரின் ஒளிப்படங்கள் முழுவதிலும் காணலாம்.

*

ருஷ்யத் தூரக்கிழக்கில் ஒளிப்படக்கலை காலூன்றிய ஆண்டுகள் ஈரத்தட்டின் காலம். கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். ஆகவே ஒளிப்படக்காரர் இருட்டறையையும் கூடவே சுமந்து திரிந்தார். பெட்டி, முக்காலி, கூடாரம், அமிலங்கள், கனத்த கண்ணாடித் தட்டுகள் அனைத்தும் படகிலும் குதிரையிலும் போயின. அமூர் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள நிக்கலாயெவ்ஸ்கைச் சேர்ந்த வி. வி. லானின் 1870களின் நடுவில் அமூர் பகுதியைப் படமெடுத்துத் தொகுத்த ஆல்பங்கள் இப்படி உருவானவைதான். அந்தப் பகுதியைப் பார்த்திராத ஐரோப்பிய ருஷ்யாவுக்கு அவை முதல் தரிசனம்.

அக்காலப் படங்களில் தெருக்கள் வெறிச்சோடித் தெரிவதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஊரில் ஆளில்லை என்று அதற்குப் பொருளல்ல. ஒளி விழும் நேரம் பல நொடிகள் நீண்டதால் நடந்தவர்கள் தட்டில் பதியவில்லை. வீடுகள் பதிந்தன, நங்கூரமிட்ட கப்பல்கள் பதிந்தன, சுமை தூக்கிச் சென்றவர்கள் மங்கிய கறைகளாகக் கரைந்துபோனார்கள். தொழில்நுட்பத்தின் இந்தக் குறை ஏறக்குறைய ஓர் அரசியல் கூற்றைப் போலவே வேலை செய்தது. நகரம் என்றால் கட்டடமும் கடற்படையும்தான் என்று அப்படங்கள் சொல்லின. நகரைக் கட்டிய கைகள் அவற்றில் இல்லை.

உலர்தட்டு வந்து நொடியின் ஒரு பகுதியில் படமெடுக்க முடிந்தபோதுதான் மனிதர்கள் உள்ளே வந்தார்கள்.

*

1891 விளாதிவஸ்தோக் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. பின்னாளில் இரண்டாம் நிக்கலாஸ் ஆகப்போகும் பட்டத்து இளவரசர் இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பான் வழியாகக் கடற்பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தார். ஜப்பானின் ஒட்சு நகரில் ஒரு காவலர் வாளால் வெட்டிய காயம் அப்போது அவர் தலையில் ஆறிக்கொண்டிருந்தது. மே 31 அன்று உசூரி ரயில்பாதைக்கான முதல் மண்ணை அவரே கைவண்டியில் தள்ளிக் கொட்டினார். சைபீரிய ரயில்பாதையின் கிழக்கு முனை அப்படித் தொடங்கியது. அதன் பிறகு அந்த மண்ணைத் தள்ளியவர்கள் கைதிகளும் படைவீரர்களும் சீனக் கூலிகளும்தான்.

இளவரசர் வந்த ‘பாமியத் அசோவா’ கப்பலில் ஓர் இளம் கடற்படை அதிகாரி அந்தப் பயணத்தை ஒளிப்படங்களாக எடுத்துக்கொண்டிருந்தார். பெயர் விளாதிமிர் மெந்தலேயெவ், தனிம அட்டவணையை வகுத்த வேதியியலாளரின் மூத்த மகன். கவிஞர் அலெக்சாந்தர் பிளோக்கை மணந்த லியுபோவ் இவருக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கை. அரசவைப் பயணத்தின் படங்கள் எப்படி இருக்குமோ அப்படித்தான் இத்தகைய பயணத்தின் படங்கள் இருக்கும்: வரவேற்பு வளைவுகள், யானைகள், கோவில்கள், மாலை சூடிய பிரமுகர்கள். பேரரசு தன்னைத்தானே பார்த்து மகிழ்ந்துகொள்ளும் கண்ணாடி அது.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1890 அக்டோபரில், சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் ஆன்டன் செகாவ் விளாதிவஸ்தோக்கில் சில நாட்கள் தங்கினார். பிறகு ஹாங்காங், சிங்கப்பூர், கொழும்பு வழியாக ஒதேஸாவுக்குக் கப்பலில் போனார். இளவரசர் எதிர்த்திசையில் வந்த கடல்வழியும் பெரும்பாலும் அதுவே. சகலினின் கைதிகளை, விலங்கு பூட்டப்படும் காட்சிகளைப் படமெடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள். செகாவ் அத்தகைய படங்களைத் தன்னோடு கொண்டுவந்தார். ஒரே கடல், ஒரே பத்தாண்டு. ஒரு கப்பலில் யானைகளின் படங்கள், இன்னொரு கப்பலில் விலங்குகளின் படங்கள். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலத்தின் முழு உருவம் கிடைக்கிறது.

*

1895 இலையுதிர்காலத்தில் வில்லியம் ஹென்றி ஜாக்ஸன் விளாதிவஸ்தோக் வந்தார். 1871ல் யெல்லோஸ்டோன் பகுதியை இவர் எடுத்த படங்கள் அடுத்த ஆண்டே அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட உதவின. ஒளிப்படத்துக்கு ஒரு சட்டத்தையே உருவாக்கும் வலு உண்டு என்று நிறுவியவர் என்றே அவரைச் சொல்லலாம். இப்போது அவர் உலகப் போக்குவரத்து ஆணையம் என்ற பெயரில் புறப்பட்ட ஒரு குழுவின் படக்காரர். உலகின் ரயில்பாதைகளையும் பிற போக்குவரத்து வகைகளையும் ஆய்ந்து சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சேகரிப்பது குழுவின் பணி. இந்தியாவையும் இலங்கையையும் சுற்றிவிட்டு, சீனா, கொரியா வழியாக இங்கே வந்தார்கள். இங்கிருந்து குளிர்காலத்தில், ரயில் இல்லாத நெடுந்தொலைவைப் பனிச்சறுக்கு வண்டிகளில் கடந்தார்கள்.

ஜாக்ஸனுக்கு இடப்பட்ட பணி போக்குவரத்து. அதனால் மற்றவர்கள் விட்டுவிட்டதை அவர் எடுக்க நேர்ந்தது. வண்டி என்றால் வண்டிக்காரர் வேண்டும், படகு என்றால் துடுப்புக்காரர் வேண்டும், சுமை என்றால் சுமப்பவர் வேண்டும். ஈரத்தட்டில் கறையாகக் கரைந்த அதே மனிதர்கள், கப்பலையும் கரையையும் இணைத்த அதே தோள்கள், இப்போது முகத்தோடு நின்றார்கள். 1897ன் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை சுமார் 29,000. அதில் சீனரும் கொரியரும் ஜப்பானியரும் கணிசமானோர். மரம் அறுத்தவர், கல் உடைத்தவர், நீர் சுமந்தவர், காய்கறி விற்றவர் பெரும்பாலும் அவர்களே. படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பதில்லை. பொதுவாக இனம், தொழில், ஊர் என்ற மூன்றோடு அக்காலப் படக்குறிப்புகள் முடிந்துவிடும். ஒரு மனிதரை ‘வகை’யாகப் பார்க்கும் பார்வை அது. அதைக் கண்டிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கண்டித்துவிட்டுப் படத்தைத் தூக்கிப்போட முடியாது என்பதை அடுத்து நடந்தவை காட்டுகின்றன.

*

பயணியாக வந்து தங்கிவிட்ட ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலினோர் பிரே, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். 1894ல் கணவருடன் விளாதிவஸ்தோக் வந்தார். உறவினர்கள் அங்கே அமெரிக்கப் பொருட்கடை ஒன்றை நடத்திவந்தனர். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று வந்தவர் 36 ஆண்டுகள் இருந்துவிட்டார். ருஷ்ய-ஜப்பான் போர், 1905ன் கலவரங்கள், உலகப் போர், புரட்சி, அந்நியப் படைகளின் வருகை, சோவியத் ஆட்சி ஆகிய அனைத்தையும் ஸ்வெத்லான்ஸ்கயா தெருவை ஒட்டிய வீட்டிலிருந்து பார்த்தார். பார்த்ததைக் கடிதங்களாக எழுதினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. கூடவே ஒளிப்பட ஆல்பங்களும்.

கணவர் 1923ல் இறந்தபிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1930ல்தான் ஷாங்காய்க்குப் புறப்பட்டார். அவரது கடிதங்களும் ஆல்பங்களும் பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தைச் சேர்ந்தன. தேர்ந்தெடுத்த கடிதங்கள் 2013ல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. அடுத்த ஆண்டே விளாதிவஸ்தோக் நகரம் அவருக்குச் சிலை வைத்தது. தன் அன்றாடத்தை அறிய ஒரு நகரம் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவரின் வீட்டுப் பெட்டியை நாட வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பார்க்கலாம். தேநீர் விருந்து, தோட்டம், பனியில் சறுக்குதல், துறைமுகத்தில் நண்பர்களை வழியனுப்புதல் போன்ற காட்சிகளில் வரலாறு ஏதுமில்லை என்றுதான் எடுத்த நாளில் யாரும் நினைத்திருப்பார்கள். நூறு ஆண்டுகள் கழித்து அவைதான் வரலாறாகின்றன.

அதே காலத்தில் இதே நகரத்தைத் தளமாகக் கொண்டு விளாதிமிர் அர்சேனியெவ் உசூரிக் காடுகளுக்குள் போய்வந்துகொண்டிருந்தார். அகிரா குரோசாவாவின் 1975ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வழியாகத் தெர்சு உஸாலாவை நம்மில் பலர் அறிவோம். அர்சேனியெவின் பயணங்களில் எடுத்த படங்களில் உண்மையான தெர்சுவும் இருக்கிறார்: குள்ளமான, அகன்ற முகம் கொண்ட, கையில் துப்பாக்கி தாங்கிய வேட்டைக்காரர். படத்தில் பார்த்த பிறகு அவர் ஒரு பாத்திரம் அல்ல என்பது உறைக்கிறது. அர்சேனியெவ் 1930ல் நோயில் இறந்தார். அவர் மனைவி மார்கரித்தா 1938ல் சுட்டுக்கொல்லப்பட்டார். கணவர் நடத்தியதாகப் புனையப்பட்ட ஒற்றர் அமைப்பில் அவரும் இருந்தார் என்பது குற்றச்சாட்டு.

*

1918 முதல் 1922 வரை இந்த நகரத்தைப்போல அதிகம் ஒளிப்படம் எடுக்கப்பட்ட ருஷ்ய நகரங்கள் சிலவே இருக்கும். ஜப்பானியர், அமெரிக்கர், பிரிட்டிஷார், செக்கோஸ்லோவாக்கியப் படையினர் என்று வந்து இறங்கிய படைகளோடு கேமராக்களும் இறங்கின. ஸ்வெத்லான்ஸ்கயா தெருவில் அணிவகுக்கும் சீருடைகள் அப்படங்களில் சலிப்புத் தட்டும் அளவுக்கு வருகின்றன. ஆனால் அணிவகுப்பை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கவனியுங்கள். அங்கேதான் நகரம் இருக்கிறது.

1922 அக்டோபரில் ஜப்பானியப் படை வெளியேறியது. பிறகு மெல்ல மெல்லக் கேமராக்களும் வெளியேறின.

அடுத்த 15 ஆண்டுகளில் நடந்தது இது. நகரின் சீனக் குடியிருப்பான மில்லியோன்கா, சந்துகளும் முற்றங்களும் பின்னிக்கிடந்த ஒரு நகருக்குள் நகரம். 1936 முதல் 1938க்குள் அது முற்றாகக் காலிசெய்யப்பட்டது. குடியிருந்தோர் கைதானார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். கொரியர்களுக்கு ஷின்ஹான்சோன் என்ற குடியிருப்பு இருந்தது, ‘புதிய கொரியக் கிராமம்’ என்று பொருள். ஜப்பானிய ஆதிக்கத்திலிருந்து தப்பிய கொரிய விடுதலைப் போராளிகள் பலருக்கு அதுவே புகலிடம். 1937 ஆகஸ்ட் 21 அன்று மாஸ்கோவில் இடப்பட்ட ஓர் ஆணையின்படி தூரக்கிழக்கின் கொரியர்கள் ஏறக்குறைய 1,72,000 பேரும் ரயில்களில் ஏற்றப்பட்டுக் கசாக்ஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பப்பட்டார்கள். சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. 1891ல் ஓர் இளவரசர் தொடங்கிவைத்த ரயில்பாதையின் மீதுதான் அந்த ரயில்கள் போயின.

அதன்பிறகு அந்த மக்கள் அங்கே வாழ்ந்ததைப் பற்றிப் பேசுவதே அரிதாயிற்று. இப்போது ஜாக்ஸனின் சுமைதூக்கிகளிடம் திரும்பி வருவோம். பெயரற்ற ‘வகை’களாக அவர்களைப் படமெடுத்த அதே பார்வைதான் அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்குச் சாட்சியம் அளிக்கிறது. அரசு தன் பதிவேட்டில் கோடிட்டு அழித்ததை ஒரு வேற்றூர்க்காரரின் வேடிக்கை மனம் காப்பாற்றிவைத்திருக்கிறது. இதில் நன்றியும் கூச்சமும் சேர்ந்தே எழுகின்றன. அந்தக் கூச்சத்தை விட்டுவிடாமல் நன்றி சொல்வதே நேர்மையானது என்று நினைக்கிறேன்.

*

விளாதிவஸ்தோக்கோடு தொடர்புடைய இன்னொரு ஒளிப்படம் அந்த ஊரில் எடுக்கப்பட்டதல்ல. 1938 மே மாதம் மாஸ்கோ சிறையில் எடுக்கப்பட்டது. நேர்முகமும் பக்கவாட்டு முகமுமாகக் கவிஞர் ஒசிப் மண்டல்ஷ்டாம். அவருக்கு அப்போது 47 வயது, முகத்தைப் பார்த்தால் இன்னும் இருபது ஆண்டுகள் கூட்டிச் சொல்வோம். அந்த ஆண்டு அக்டோபரில் அவர் விளாதிவஸ்தோக் அருகே வ்தொராயா ரேச்காவில் இருந்த இடைத்தங்கல் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார். கொலிமாவுக்குக் கைதிகளைக் கப்பலேற்றும் முன் நிறுத்திவைக்கும் இடம் அது. கப்பலேறும் அளவுக்கு அவர் உடலில் தெம்பு இல்லை. டிசம்பர் 27 அன்று அங்கேயே இறந்தார். கல்லறை இல்லை, பொதுக்குழிதான். வர்லாம் ஷலாமோவ் அந்த மரணத்தைக் கற்பனைசெய்து ஒரு சிறுகதை எழுதினார். அதே முகாம் வழியாகக் கொலிமாவுக்குப் போனவர் அவர்.

அரசு ஒளிப்படத்தை வெறுத்ததில்லை என்பதை இது காட்டுகிறது. அதற்குப் பிடித்த ஒளிப்படம் ஒன்று இருந்தது: கோப்பில் ஒட்டுவதற்கான முகம். ஊரைப் படமெடுக்கும் உரிமை குடிமக்களிடமிருந்து பறிக்கப்பட்ட அதே ஆண்டுகளில் குடிமக்களைப் படமெடுக்கும் வேலை மும்முரமாக நடந்தது.

1952ல் விளாதிவஸ்தோக் மூடிய நகரமாயிற்று. வெளிநாட்டவர் வர முடியாது. சோவியத் குடிமக்கள்கூட உள்ளே வர அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும். துறைமுகம், பாலம், ரயில் நிலையம் ஆகியவற்றைப் படமெடுப்பது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருந்தது. பசிபிக் கடற்படையின் தலைமையிடமான இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் துறைமுகம்தான் தெரியும். அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு 1974 நவம்பரில் பிரெஷ்னேவைச் சந்திக்க வந்தபோது பேச்சுவார்த்தை நகருக்கு வெளியே ஓர் ஆரோக்கிய விடுதியில் நடந்தது.

இதிலுள்ள முரண் வேடிக்கையானது. 1960 முதல் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் சோவியத் நிலத்தை வானிலிருந்து படமெடுத்துத் தள்ளின. கடற்படைத் தளங்கள் அவற்றின் முதன்மை இலக்குகளில் சேர்ந்தவை. 1995ல் ரகசியம் நீக்கப்பட்ட படங்களின் எண்ணிக்கை மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேல். எந்த எதிரிக்காக நகரை மூடினார்களோ அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க முடியாமல் போனது அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். மணநாளில் கடலைப் பின்னணியாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளக்கூட யோசிக்க வேண்டியிருந்த நகரம்!

*

1992 ஜனவரி 1 அன்று நகரம் திறந்துவிடப்பட்டது. 2012ல் ஆசிய-பசிபிக் நாடுகளின் மாநாட்டுக்காகப் பொற்கொம்பின் குறுக்கே ஒரு பாலமும், ருஸ்கித் தீவுக்கு இன்னொரு பாலமும் எழுந்தன. இரண்டாவதன் நடு இடைவெளி 1,104 மீட்டர், கம்பிவடப் பாலங்களில் அன்று உலகிலேயே நீளமானது. அது போய்ச்சேரும் ருஸ்கித் தீவு ஒரு காலத்தில் படைத்தளம், அந்நியர் எட்டிப்பார்க்க முடியாத இடம். 2017ல் ருஷ்யா வெளியிட்ட 2,000 ரூபிள் தாளில் அந்தப் பாலத்தின் படமே அச்சாகியிருக்கிறது. பாலத்தைப் படமெடுத்தால் கைது என்ற நிலையிலிருந்து பாலத்தின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துச் சுற்றும் நிலைக்கு ஊர் வந்துசேர்ந்த தொலைவு சிறியதல்ல. 2019ல் சென்னைக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் இடையே கடல்வழி அமைக்க இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு நம் செய்தித்தாள்களிலும் இந்தப் பாலத்தின் படம் வந்தது.

இன்று அங்கே போகும் பயணி எடுக்கும் படங்களை எளிதில் ஊகிக்கலாம். ரயில்மேடையில் 9288 என்ற எண் பொறித்த தூண், தொக்கரெவ்ஸ்கி முனையின் கலங்கரை விளக்கம், கழுகுக்கூடு குன்றிலிருந்து பாலம். மில்லியோன்காவின் செங்கல் முற்றங்களும் இப்போது படமெடுக்கத் தோதான இடங்களாகிவிட்டன. இரும்புப் படிக்கட்டு, உரிந்த சுவர், மாலை வெளிச்சம்! அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அந்த வெளிச்சத்தில் எளிதாக மறைந்துவிடும். ஈரத்தட்டுக் காலத்தின் வெறிச்சோடிய தெரு மீண்டும் வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அன்று மனிதர்கள் பதியாமல் போனதற்குத் தட்டு காரணம். இன்று நாம் காரணம்.

ஷின்ஹான்சோன் இருந்த இடத்தில் 1999ல் மூன்று கல்தூண்கள் நடப்பட்டன. மண்டல்ஷ்டாமுக்கு நகரின் சிற்பி வலேரி நெனாஷிவின் செய்த சிலை 1998ல் வைக்கப்பட்டு இப்போது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. தலையை அண்ணாந்து, தொண்டையில் கைவைத்திருக்கும் உருவம். இவை அஞ்சலட்டைகளில் அதிகம் வருவதில்லை. ஜாக்ஸனின் படங்களும் எலினோர் பிரேயின் ஆல்பங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. பாலத்தின் படத்தைப் பார்த்து முடித்தவர்கள் அவற்றையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். கடலட்டை விரிகுடா என்று அந்த ஊரை அழைத்தவர்களின் முகங்களை அங்கே தேடிப் பார்க்கலாம்.